"நான் வெறும் டெக்னிக்கல் ஆள்!"

மலர்க் குழுவினர் இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "மெஸ் சாம்பார், ஹாஸ்டல் வார்டன், கல்ச்சுரல்ஸ் எல்லாம் மற்றவர்கள் எழுதியாகிவிட்டது. நீ வேறு ஏதாவது எழுது." சரி என்று ஒப்புக்கொண்டேன். படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது ப்ரொடக்ஷன் பிளானிங், ராத்திரி தூக்கம் வராதபோது படிப்பது ஐரோப்பிய வரலாறு. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் பெயர் ஆல்பர்ட் ஷ்பேர். இங்கிலீஷ்காரர்கள் ஸ்பியர் என்பார்கள். ஜெர்மன்காரர்கள் வாயில் ஷ்பேர்.

ஹிட்லரின் கட்டடக் கலைஞர். 1942 முதல் 1945 வரை ஹிட்லரின் ஆயுத உற்பத்தி மந்திரி. நூரம்பர்க் வழக்கில் 20 ஆண்டு சிறை வாங்கி, முழுதும் அனுபவித்து, வெளியே வந்து எழுதிய சுயசரிதையால் உலகப் புகழும் பணமும் சம்பாதித்தவர். "நல்ல நாஜி" என்று ஒரு பட்டமே அவருக்கு இருந்தது. ஹிட்லர், ஹிம்லர், கோயபல்ஸ் பற்றியெல்லாம் இனிமேல் யாரும் புதுத் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஷ்பேர் விஷயம் அப்படியில்லை. அவர் பெயர் ஒரு காலத்தில் ஏறிக்கொண்டே போனது, பிறகு ஒவ்வொரு காகிதமாக வெளிவர வெளிவர இறங்கியது. அதிலும் அவர் தன் தரப்பில் சொன்ன வாதம் நம் தொழிலின் வாதம். "நான் அரசியல்வாதி இல்லை, வெறும் டெக்னிக்கல் ஆள்." இதை நம்மில் எத்தனை பேர் எத்தனை முறை சொல்லியிருப்போம்! அதனால்தான் இந்தக் கதை நம் மலரில் வரவேண்டும் என்று நினைத்தேன்.

பிறந்தது 1905-இல், மான்ஹைம் நகரில். அப்பா, தாத்தா இருவரும் கட்டடக் கலைஞர்கள், வசதியான குடும்பம். 1931-இல் கட்சியில் சேர்ந்தார். கட்சி மாநாட்டு மைதானத்தைச் சுற்றி 12 மீட்டருக்கு ஒன்றாக 130 சர்ச்லைட்டுகளை வானத்தை நோக்கி நிறுத்தி ஒளியிலேயே தூண்கள் எழுப்பியவர் இவர்தான். ஹிட்லருக்குப் பிடித்துப் போயிற்று. 1937-இல் பெர்லின் நகரத்தையே இடித்துக் கட்டும் பொறுப்பு வந்து சேர்ந்தது. 290 மீட்டர் உயரத்தில் ஒரு குவிமாட மண்டபம், பாரிஸில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய வெற்றி வளைவு என்று பிளான் மேல் பிளான்.

சிவில் நண்பர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். பெர்லின் மண் அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று சந்தேகம் வந்தது. சோதிக்க 1941-இல் ஒரு கான்கிரீட் உருளையை ஊற்றினார்கள். எடை 12,650 டன்! நம் லேபில் நாம் செய்த பிளேட் லோட் டெஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். மூன்று வருஷத்தில் அது சுமார் 18 சென்டிமீட்டர் மண்ணில் இறங்கிவிட்டது. அனுமதிக்கப்பட்டதோ அதில் மூன்றில் ஒரு பங்கு. அந்த உருளை இன்றும் அங்கே நிற்கிறது. பக்கத்தில் குடியிருப்புகள் இருப்பதால் வெடி வைத்துத் தகர்க்க முடியவில்லை. கட்டியவர்களில் பிரெஞ்சுப் போர்க்கைதிகளும் உண்டு என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

1942 பிப்ரவரி 8 அன்று அப்போதைய ஆயுத மந்திரி ஃப்ரிட்ஸ் டோட் விமான விபத்தில் இறந்தார். உடனே அந்த நாற்காலியில் ஷ்பேரை உட்கார வைத்தார் ஹிட்லர். வயது 36. நம் வயசு! அதற்கப்புறம் நடந்ததைத்தான் "ஆயுத உற்பத்தி அதிசயம்" என்று புத்தகங்கள் வர்ணித்தன. 1942 ஜனவரி-பிப்ரவரி உற்பத்தியை 100 என்று வைத்தால், 1944 ஜூலையில் அது 322. நகரங்கள் மீது குண்டுமழை பொழியும்போதே மூன்று மடங்கு! மேனேஜ்மென்ட் ஆசாமிகள் சொக்கிப் போனதில் ஆச்சரியமில்லை. 1944 ஏப்ரலிலேயே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, லண்டன் அப்சர்வர் பத்திரிகையில் செபாஸ்டியன் ஹாஃப்னர் இவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இவர் நாஜி ரவுடி வகையறா இல்லை, கட்சிக்கு அப்பாற்பட்ட தொழில்நுட்ப மேலாளர், ஹிட்லர்கள் போனாலும் இந்த வகை மனிதர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரை ஒரு எச்சரிக்கை. ஷ்பேர் அதையே தனக்கு நற்சான்றிதழாக மாற்றிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

நூரம்பர்க்கில் மற்ற கைதிகள் "எனக்கு ஒன்றும் தெரியாது, உத்தரவு, அவ்வளவுதான்" என்று சாதித்தபோது இவர் மட்டும் எழுந்து, ஆட்சியில் பங்கெடுத்தவன் என்ற முறையில் நானும் பொறுப்பு என்றார். கோர்ட்டே அசந்துவிட்டது. கவனித்துப் பார்த்தால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொத்தத்துக்கும் பொறுப்பு, ஆனால் குறிப்பிட்ட எந்தக் குற்றமும் தெரியாது! பிற்பாடு எழுதிய புத்தகத்திலும் அதே சூத்திரம்தான்: எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டிருக்க வேண்டும், தெரிந்துகொள்ளாததே என் குற்றம். இப்படி ஒருவர் தலை குனிந்து நின்றால் யார் மேலே கேள்வி கேட்பார்கள்? நீதிபதிகளில் சிலர் தூக்கு என்றார்கள், சிலர் சிறை என்றார்கள், கடைசியில் 20 ஆண்டு என்று முடிந்தது.

ஸ்பாண்டாவ் சிறைத் தோட்டத்தில் தினமும் நடந்தார். சும்மா நடக்கவில்லை, சுற்றுக்களை எண்ணுவதற்காக ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு அவரைக் கொட்டைகளை மாற்றிக்கொண்டு, அந்தத் தூரத்தை மேப்பில் வைத்து, உலகத்தையே நடந்து சுற்றுவதாகக் கற்பனை செய்தார். 1966-இல் விடுதலையாகும்போது கணக்கு 31,936 கிலோமீட்டர். எண்களோடு வாழ்ந்த மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் சுயசரிதையில் எந்த எண்களை விட்டுவிட்டார் என்பதுதான் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களின் வேலையாயிற்று.

முதலில் அந்த 322-ஐ எடுத்துக்கொள்வோம். எங்கள் துறைக்கு இது பழகிய வித்தைதான். ஷட்டவுன் எடுத்த மாதத்தை 100 என்று வைத்து கிராப் வரைந்தால் எந்த மேனேஜரும் மேதைதான். 1941-42 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆயுத உற்பத்தி தடுமாறிக்கொண்டிருந்தது. ரஷ்யாவில் போர் சீக்கிரம் முடியும் என்று நினைத்து ஏற்பாடுகளை மாற்றியிருந்தார்கள்; அது முடியவில்லை. அந்தப் பள்ளத்திலிருந்துதான் ஷ்பேரின் கிராப் கிளம்புகிறது. போரின் முதல் ஆண்டுகளில் போட்ட மிஷின்களும் கட்டிய ஆலைகளும் பலன் தர ஆரம்பித்த நேரமும் அதுவே. கமிட்டிகள் வைத்து உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் முறையை டோட் காலத்திலேயே தொடங்கியாயிற்று. விமான உற்பத்தி 1944 வரை இவர் கையிலேயே இல்லை; அது மில்ஷ் என்பவரின் இலாகா. ஆனால் இண்டெக்ஸில் அதுவும் சேர்ந்திருக்கிறது! ஆடம் டூஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 2006-இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இதையெல்லாம் பிரித்து மேய்ந்துவிட்டார். மெஸ்ஸர்ஷ்மிட் 109 மாதிரி பழைய மாடல்களையே மாற்றாமல் அடித்துத் தள்ளினால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். வானத்தில் எதிரியின் விமானம் புதுசு என்பது கிராப்பில் தெரியாது.

21-ஆம் வகை நீர்மூழ்கிக் கப்பல் கதை இதைவிட ருசியானது. தீயணைப்பு வண்டி செய்யும் கம்பெனியிலிருந்து வந்த ஓட்டோ மெர்க்கர் என்பவரை ஷ்பேர் இதற்குப் பொறுப்பாக்கினார். கப்பலை எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, உள்நாட்டு இரும்பு ஆலைகளில் தனித்தனியே செய்து, துறைமுகத்தில் கொண்டுவந்து வெல்டிங் செய்வது ஐடியா. காகிதத்தில் அருமை! மாதிரிக் கப்பல் ஒன்றைக்கூடக் கட்டிப் பார்க்காமல் நேராக மாஸ் ப்ரொடக்ஷன். கடலுக்கடியில் அழுத்தம் தாங்கவேண்டிய உடல். கப்பல் கட்டியே பழக்கமில்லாத ஆலைகள் அனுப்பிய துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. டாலரன்ஸ் என்ற வார்த்தையின் அர்த்தம் தெரிந்த எவருக்கும் மீதியை நான் சொல்ல வேண்டாம். சுமார் 120 கப்பல்கள் முடிந்தன. போர் முடியும் தருவாயில் போர் ரோந்துக்குப் புறப்பட்டவை இரண்டே இரண்டு. மூழ்கடித்த எதிரிக் கப்பல், பூஜ்யம்.

திறமையே இல்லாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. வேகமாக முடிவெடுப்பார், சிவப்பு நாடாவை வெட்டுவார், இளைஞர்களை நம்பிப் பொறுப்பு கொடுப்பார். ஆனால் அதிசயம் என்பது அவரும் அவர் அலுவலகமும் போர்க்காலத்திலேயே பிரசாரத்துக்காகத் தயாரித்த சரக்கு. போருக்குப் பின் அது அப்படியே வரலாறாகப் பாக்கெட் செய்யப்பட்டது. இன்னொன்றும் யோசிக்கலாம். அதிசயம் நிஜம் என்றால், தோற்றுப்போன போரை நீட்டித்து லட்சக்கணக்கானவர்களின் சாவுக்கு வழி செய்தவர் இவர். நிஜமில்லை என்றால் புளுகியிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் ஸால்வை போர்த்த இடமில்லை.

சரி, ஆள்பலம் எங்கிருந்து வந்தது? 1944 ஆகஸ்டில் ஜெர்மனியில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் சுமார் 76 லட்சம் பேர். பெரும்பாலோர் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். அவர்களைப் பிடித்துவரும் பொறுப்பில் இருந்தவர் ஃப்ரிட்ஸ் ஸௌக்கல். முன்னாள் கப்பல் சிப்பந்தி. பேச்சும் முரடு, தோற்றமும் முரடு. நூரம்பர்க்கில் ஸௌக்கலுக்குத் தூக்கு; 1946 அக்டோபர் 16 அன்று நிறைவேற்றினார்கள். ஆனால் இத்தனை லட்சம் பேர் வேண்டும் என்று அவரிடம் இண்டென்ட் போட்டது யார்? ஷ்பேரின் மந்திரி சபை! நம் ஆலை மொழியில் சொன்னால் சப்ளை செய்தவர் தூக்கில் தொங்கினார், இண்டென்ட் போட்டவர் சிறையில் நடைப்பயிற்சி செய்தார். நல்ல கோட்டு, நல்ல பேச்சு, படித்த குடும்பத்துக் களை. இவையெல்லாம் நீதிமன்றத்தில் எடைபோடப்படவில்லை என்று சத்தியம் செய்து சொல்ல நான் தயாரில்லை.

இனி, அவர் "தெரியாது" என்று சொன்ன விஷயங்கள்.

பெர்லினை இடித்துக் கட்ட வேண்டுமென்றால் இடிபடும் வீடுகளில் இருப்பவர்களுக்கு மாற்று வீடு வேண்டும். ஷ்பேரின் அலுவலகம் கண்டுபிடித்த வழி, யூதர்களை அவர்கள் வீட்டிலிருந்து காலி செய்வது. அதற்கென்று ஒரு பிரிவு, பட்டியல்கள், கணக்குகள். 1941 அக்டோபர் 18 அன்று பெர்லினிலிருந்து யூதர்களை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் கிழக்கே போனது. காலியான வீடுகளின் கணக்கு ஷ்பேர் அலுவலகத்துக்கு வந்தது. இதெல்லாம் எப்படித் தெரியும்? அவருடைய கல்லூரித் தோழர் ரூடால்ஃப் வோல்டர்ஸ், அலுவலகத்தின் நாட்குறிப்பைப் பொறுப்பாக எழுதிவந்தார். ஷ்பேர் சிறையில் இருந்த 20 ஆண்டும் அவர் குடும்பத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவரும், கடத்திவரப்பட்ட சிறைக் கடிதங்களைப் பத்திரப்படுத்தியவரும் இதே வோல்டர்ஸ்தான். அப்பேர்ப்பட்ட நட்பு! 1964-இல் வோல்டர்ஸ் அந்த நாட்குறிப்பை மறுபடி டைப் செய்யவைத்தார். யூதர் வீடுகள் பற்றிய பகுதிகளை அதில் விட்டுவிட்டார்கள். 1969-இல் ஷ்பேர் அந்தச் "சுத்தமான" பிரதியைத்தான் கோப்லென்ஸில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் கொடுத்தார். சுயசரிதை வெளிவந்ததும் அதே வருஷம்.

லண்டனில் 1943-க்கான மூலப் பகுதி ஒன்று தப்பிக் கிடந்தது. ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். வோல்டர்ஸ் விஷயத்தைச் சொன்னபோது ஷ்பேர் எழுதிய பதிலின் பொருள்: அந்தப் பக்கங்கள் இல்லவே இல்லை என்று ஆகிவிடட்டும். வோல்டர்ஸ் அழிக்கவில்லை. பிறகு 1971-இல் நண்பர்களுக்குள் பிளவு. ஷ்பேர் வெளிநாட்டுப் பத்திரிகைப் பேட்டிகளில் உருகி உருகி வருத்தம் தெரிவித்தது வோல்டர்ஸுக்குப் பிடிக்கவில்லை. அவர் பழைய கொள்கையிலேயே நின்ற ஆள். கோபத்தில் இருந்த அந்த நண்பர் கடைசியில் மூலப்பிரதியையும் கடிதங்களையும் மத்தியாஸ் ஷ்மிட் என்ற இளம் ஆராய்ச்சியாளரிடம் கொடுத்துவிட்டார். 1982-இல் புத்தகம் வந்தது. வருந்தாத நாஜி ஒருவர், வருந்தியதாகச் சொன்ன நாஜியின் குட்டை உடைத்தார்! வரலாறு இப்படியும் வழி கண்டுபிடிக்கும்.

காகிதங்கள் அதோடு நிற்கவில்லை. 1942 செப்டம்பரில் எஸ்.எஸ். அமைப்பின் நிர்வாகத் தலைவர் ஓஸ்வால்ட் போல் என்பவர் ஷ்பேரோடு பேசிவிட்டு ஹிம்லருக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். ஆஷ்விட்ஸ் முகாமை 1,32,000 பேர் கொள்ளும்படி விரிவாக்க 1 கோடியே 37 லட்சம் மார்க்குக்கான கட்டுமானத்துக்கு ஷ்பேர் சம்மதித்துவிட்டார் என்று அதில் இருக்கிறது. 1943 மார்ச்சில் மௌட்ஹௌஸன் முகாமைப் பார்த்துவிட்டு வந்த ஷ்பேர், ஹிம்லருக்கு எழுதிய கடிதத்தில் குறை சொல்கிறார். என்ன குறை? கைதிகள் சாகிறார்கள் என்றா? இல்லை. முகாம் கட்டடங்கள் தேவைக்கு மேல் தாராளமாக இருக்கின்றன. இரும்பும் ஆளும் இல்லாத காலத்தில் இன்னும் மட்டமான கட்டுமானம் போதும் என்று! காஸ்ட் ரிடக்ஷன். இந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஏனென்றால் அதன் மொழி எனக்குத் தெரிந்த மொழி. தினமும் நான் எழுதும் மெமோக்களின் மொழி.

டோரா என்று ஒரு முகாம். மலையைக் குடைந்து அதற்குள் வி-2 ராக்கெட் செய்தார்கள். அந்த முகாமிலும் அதன் கிளைகளிலும் சுமார் 60,000 கைதிகள். அவர்களில் ஏறத்தாழ 20,000 பேர் உயிரோடு வரவில்லை. ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட ராக்கெட் செய்யும்போது செத்தவர்கள் அதிகம். 1943 டிசம்பர் 10 அன்று ஷ்பேர் நேரில் போனார். சுரங்கத்துக்குள்ளேயே தூங்கி, வெளிச்சம் பார்க்காமல் செத்துக்கொண்டிருந்த மனிதர்களைப் பார்த்து மனம் பதறியதாகச் சுயசரிதை சொல்கிறது. ஆனால் ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 17 அன்று, அந்த வேலையை நடத்திய எஸ்.எஸ். என்ஜினீயர் காம்லருக்கு அவர் அனுப்பிய கடிதம் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முடியவே முடியாது என்று தோன்றும் அளவுக்குக் குறைந்த காலத்தில், இரண்டே மாதத்தில் முடித்துவிட்டீர்கள் என்று பாராட்டு!

அவர் பக்கம் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1945 மார்ச் 19 அன்று, தோல்வி வாசல்படியில் நிற்கும்போது, பாலங்கள், ஆலைகள், ரயில்பாதைகள் எல்லாவற்றையும் தகர்க்கும்படி ஹிட்லர் உத்தரவு போட்டார். ஷ்பேர் அதை எதிர்த்தார். ரூர் பகுதிக்குப் போய் அதிகாரிகளையும் தளபதிகளையும் பேசிச் சரிக்கட்டி, பல இடங்களில் தகர்ப்பு நடக்காமல் பார்த்துக்கொண்டார். போருக்குப் பின் அந்த மக்களுக்குத் தண்ணீரும் கரண்டும் மிஞ்சியதில் அவருக்குப் பங்கு உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆலை முதலாளிகளும் உள்ளூர் அதிகாரிகள் பலரும் அதைத்தான் விரும்பினார்கள். இவர் தனி ஆளாக நின்று தடுத்ததுபோல எழுதியது அதிகப்படி. ஹிட்லரின் பதுங்கு அறைக்குக் காற்று போகும் குழாயில் விஷவாயு விட நினைத்தேன், போய்ப் பார்த்தால் சிம்னியை உயர்த்திக் கட்டிவிட்டார்கள் என்று சொன்ன கதையையோ, கோர்ட்டிலேயே பலர் நமட்டுச் சிரிப்போடுதான் கேட்டார்கள்.

இவ்வளவு காலம் எப்படி எடுபட்டது என்று கேட்டால், எனக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான். எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார். போருக்குப் பின் ஜெர்மன் ஆலைகளை நடத்திய ஆயிரக்கணக்கான என்ஜினீயர்களும் மேனேஜர்களும் ஷ்பேருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள்தானே! மந்திரிக்கே தெரியாதென்றால் ஃபோர்மேனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பதிப்பாளர் ஸீட்லரும் எழுத்தாளர் யோவாகிம் ஃபெஸ்ட்டும் உட்கார்ந்து செப்பனிட்டுக் கொடுத்த அந்தச் சுயசரிதை, ஒரு தலைமுறைக்கே விடுமுறைக் கடிதம். 1995-இல் கிட்டா செரெனி அவர் மனசாட்சியைத் தோண்டிப் பெரிய புத்தகம் எழுதினார். நல்ல புத்தகம், ஆனால் மனசாட்சியை நேரில் பேசி அளக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. 2017-இல் வந்த மாக்னுஸ் ப்ரெஷ்ட்கெனின் வாழ்க்கை வரலாறு அவர் வார்த்தையை ஒதுக்கிவிட்டு ஆவணத்தை வைத்து எழுதப்பட்டது. ஆடிட் செய்பவர் மேனேஜரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, வவுச்சரைப் பார்க்க வேண்டும் என்பார்கள் இல்லையா, அந்த முறை.

கடைசியாக ஒரு கடிதம். 1943 அக்டோபர் 6 அன்று போஸென் நகரத்தில் கட்சித் தலைவர்கள் கூடியிருந்தபோது, யூதர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கொன்றுகொண்டிருப்பதை ஹிம்லர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பேச்சின் நடுவே ஷ்பேரின் பெயரும் வருகிறது. அன்று காலை ஷ்பேரும் அதே மேடையில் பேசியவர். 1971-இல் எரிக் கோல்ட்ஹாகன் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கிளப்பினார். ஷ்பேர் பதறிப்போய், ஹிம்லர் பேசுவதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன் என்று சொல்லி, சாட்சிகளிடம் வாக்குமூலம்கூட வாங்கி வந்தார். ஆனால் அதே 1971 டிசம்பர் 23 அன்று, பெல்ஜிய விடுதலை வீரர் ஒருவரின் மனைவி எலேன் ஜாந்த்திக்கு எழுதிய தனிக் கடிதத்தில், யூதர்கள் எல்லோரும் கொல்லப்படுவார்கள் என்று ஹிம்லர் அறிவித்தபோது நான் அங்கே இருந்தேன், சந்தேகமே இல்லை என்று எழுதியிருக்கிறார். கடிதம் வெளியே தெரியவந்தது 2007-இல், லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது.

அதை எழுதிய பிறகு ஷ்பேர் கிட்டத்தட்ட பத்து வருஷம் உயிரோடு இருந்தார். இன்னொரு புத்தகம் எழுதினார், பிறகு இன்னொன்று, எண்ணற்ற பேட்டிகள் கொடுத்தார். அந்த அறையில் இருந்ததை ஒரு பேட்டியிலும் ஒப்புக்கொள்ளவில்லை. 1981 செப்டம்பர் 1 அன்று லண்டனில் காலமானார். பி.பி.சி.க்கு ஒரு பேட்டி கொடுக்கப் போயிருந்தார்.